கோழி நம்முடையது, விலை யாருடையது?

“கோழி வளருங்கள்! கொல்லையில் காய்கறி போடுங்கள்! கஷ்டம் தீர்ந்துவிடும்!”

கள்ளக்குறிச்சி ஜில்லாவின் ஏழை விவசாயிகளுக்கும், கல்வராயன் மலைவாழ் மக்களுக்கும் ஓயாமல் கிடைத்துவரும் உபதேசம் இது. கூட்டம் போட வருகிற அதிகாரி இதைச் சொல்கிறார். கடன் மனுவைத் திருப்பிக் கொடுக்கிற பாங்கிக்காரரும் இதைத்தான் சொல்கிறார். குஞ்சுக் கூண்டை ஒரு தாயின் கையில் கொடுத்துவிட்டுப் புகைப்படத்துக்கு நிற்கிற பிரமுகரும் இதையே சொல்கிறார்.

உபதேசத்தில் பிழை இல்லை. நாலு கோழியும் நாலு பாத்திக் காய்கறியும் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய ஆதாரம் என்பது நமக்குத் தெரியாததல்ல. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், பள்ளிக்கூடத்துக்கு நோட்டு வேண்டும் என்றால், கீழே டவுனுக்குப் போக பஸ் சார்ஜ் வேண்டும் என்றால், அந்த நேரத்துக்கு உதவுவது பாங்கி அல்ல; வாசலில் மேய்கிற கோழிதான். இதை அற்பமாக நினைப்பவர் விவசாயியின் வாழ்க்கையை அறியாதவர்.

ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். குஞ்சைக் கொடுத்தவர்கள், அந்தக் குஞ்சு நோயில் விழுந்த அன்று எங்கே போனார்கள்? அது வளர்ந்து சந்தைக்கு வந்த அன்று, அதற்கு விலை வைத்தவர் யார்? அது மேய்கிற மண் யார் பெயரில் இருக்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லாமல் கோழியைப் பற்றியும் கத்தரிக்காயைப் பற்றியும் பேசுவது, பசித்தவனுக்கு இலையைப் போட்டுவிட்டுச் சோற்றை மறந்த கதைதான்.

விடியலிலிருந்து இருட்டும் வரை

வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் நாம் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்குரிய தாய்க்கு வயது ஐம்பதுக்கு மேல். நிலம் முக்கால் ஏக்கர் சரிவு. பாதியில் மரவள்ளி, மீதியில் சாமையும் அவரையும். வீட்டுக்குப் பின்னால் முள் அடைத்த சிறு தோட்டம். கோழி பெரிதும் சிறிதுமாகப் பதினைந்து உருப்படி.

கிழக்கு வெளுப்பதற்கு முன் பஞ்சாரத்தைத் தூக்குவதிலிருந்து அவருடைய நாள் தொடங்குகிறது. ஒரு பிடி சாமை நொய்யை வாசலில் இறைக்கிறார். இறைக்கும்போதே எண்ணிக்கொள்கிறார். இரவு கீரி வந்ததா, மரநாய் வந்ததா என்பது அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும். பிறகு அடைக்கோழியைப் பார்க்க வேண்டும். கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, பன்னிரண்டு முட்டை வைத்திருக்கிறார். ஒவ்வொரு முட்டையிலும் கரியால் ஒரு கோடு. வேறு கோழி வந்து இட்டுவிட்டுப் போனால் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா? இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஓர் இரும்புத் துண்டும் பக்கத்தில் இருக்கிறது. இருபத்தொரு நாள் அந்தக் கோழிக்கு அடைகாக்கும் வேலை. அதைக் காப்பது இந்தத் தாயின் வேலை.

அதன் பிறகு தண்ணீர். குடத்தைச் சுமந்து வந்து தோட்டத்துக்கு ஊற்ற வேண்டும். கோழி எச்சத்தை அப்படியே செடிக்குப் போட்டால் சூட்டில் செடி கருகிவிடும். அதனால் சருகோடும் சாம்பலோடும் சேர்த்துக் குழியில் மட்க வைத்துத்தான் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடுகிறார். கோழி தோட்டத்துக்கு எரு தருகிறது. தோட்டத்துப் பூச்சியும் உதிர்ந்த கீரையும் கோழிக்குத் தீனியாகின்றன. ஆனால் நாற்றுப் பருவத்தில் அதே கோழி உள்ளே புகுந்தால் ஒரே கிளறலில் பாத்தி பாழ்! ஆகவே வேலியில் முள் சரிந்திருக்கிறதா என்று நாளைக்கு மூன்று தடவை பார்க்க வேண்டியிருக்கிறது.

நடுவே காட்டு வேலை, அடுப்பு வேலை, பேரக்குழந்தை. மாலையில் கோழிகள் அடைய வரும்போது மறுபடியும் எண்ணிக்கை. இந்த வேலைக்குக் கூலி எவ்வளவு? எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. “வீட்டு வேலை” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். கோழி வளர்த்தவள் கணக்குப் பார்ப்பதற்கு இதுவரை யாரும் ஒரு நோட்டுப் புத்தகம்கூடக் கொடுத்ததில்லை.

“இவ்வளவும் செய்து என்ன கிடைக்கிறது அம்மா?” என்று கேட்டோம். அவர் சிரித்தார்.

“கோழி எங்களுதுதான் தம்பி. வெல சொல்றவருதான் கீழருந்து வராரு.”

இந்தக் கட்டுரைக்கு இதைவிட நல்ல தலைப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

நோய்க்குக் காலண்டர் தெரியாது

முதலில் நோயைப் பார்ப்போம்.

நாட்டுக்கோழிக்கு எமன் வெள்ளைக்கழிச்சல். விஞ்ஞானப் புத்தகத்தில் இதற்கு ராணிக்கெட் நோய் என்று பெயர். வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, இரண்டு மூன்று நாளில் மொத்தக் கூட்டமும் மடிந்துவிடும். வந்த பிறகு இதற்கு வைத்தியம் இல்லை. வராமல் தடுக்கத் தடுப்பு மருந்து உண்டு; அது விலை உயர்ந்த மருந்தும் அல்ல. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனபின் இறக்கைக்குக் கீழே ஓர் ஊசி. விஷயம் இவ்வளவுதான்.

கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் நாட்டுக்கோழி பிப்ரவரியில் மட்டுமா பொரிக்கிறது? ஒரு கோழி ஆண்டுக்கு மூன்று தடவை அடைக்கு உட்காருகிறது. சித்திரையில் பொரித்த குஞ்சும், ஆடியில் பொரித்த குஞ்சும் அடுத்த பிப்ரவரி வரை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் மேய வேண்டும். நோய்க்குக் காலண்டர் தெரியுமா?

இன்னொன்று. இந்த மருந்தை ஐஸில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். குளிர்ச்சி போனால் மருந்தும் போயிற்று. கச்சிராயபாளையத்திலிருந்து மலை ஏறி, தார் ரோடு முடிந்து, அப்புறம் நடந்து போகிற ஊருக்கு அந்த ஐஸ் எப்படிப் போய்ச் சேரும்? நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இந்தக் கஷ்டத்தை உணர்ந்துதான், தீனியோடு கொடுக்கக்கூடிய குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். விஞ்ஞானி தன் கடமையைச் செய்துவிட்டார். அந்தக் குருணை கடைசி மலைக் கிராமம் வரை மாதம் தவறாமல் போக வேண்டும். அதற்கு ஊருக்கு ஒரு பெண்ணைப் பயிற்றுவித்துச் சம்பளம் கொடுத்து நியமிக்க வேண்டும். அங்கேதான் சர்க்காரின் கை சுருங்குகிறது. குஞ்சு வாங்கப் பணம் இருக்கிறது. அதை உயிரோடு வைத்துக்கொள்ளப் பணம் இல்லை!

மூட்டையாகப் போய் மூட்டையாகத் திரும்புவது

நோய்க்குத் தப்பிய கோழிக்குத் தீனி வேண்டும். மலையில் மேய்ச்சல் உண்டு. கீழே சின்னசேலம், தியாகதுருகம் பக்கத்துச் சிறு விவசாயி நூறு இருநூறு கோழி வளர்க்க நினைத்தால் தீவனம் வாங்கியே தீர வேண்டும். இங்கே ஒரு வேடிக்கையைப் பார்க்கிறோம்.

தீவனத்தின் பெரும்பகுதி மக்காச்சோளம். அந்த மக்காச்சோளத்தை விளைவிப்பவர் யார்? இதே கள்ளக்குறிச்சி விவசாயிதான். 2018-ல் படைப்புழு வந்து பயிரைக் குருத்தோடு தின்றபோது நஷ்டப்பட்டவரும் இவரே. 2025-26 பருவத்துக்கு மத்திய சர்க்கார் மக்காச்சோளத்துக்குக் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் ஆதார விலை அறிவித்தது. ஆனால் ஆதார விலையை அறிவிப்பது வேறு. அந்த விலைக்குச் சாக்கைத் தராசில் ஏற்றுவது வேறு. அறுத்த கையோடு கடன்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் எத்தனை நாள் காத்திருப்பார்? வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். களத்து மேட்டிலிருந்து மூட்டையாகப் போன சோளம் நாமக்கல் பக்கத்துத் தீவன ஆலைக்குள் நுழைந்து, வேறு சாக்கில், வேறு விலையில், அதே விவசாயியின் கோழிக்குத் தீவனமாகத் திரும்பி வருகிறது. போகும்போதும் விலை அவர்களுடையது; வரும்போதும் விலை அவர்களுடையது.

ஒரு வட்டாரத்துக்கு ஒரு கூட்டுறவு அரவை ஆலை போட்டால் போதாதா? சோளமும், கடலைப் பிண்ணாக்கும், மலையில் விளைகிற சாமைத் தவிடும் இங்கேயே கிடைக்கின்றன. இதற்கு அயல்நாட்டு நிபுணர் யாரும் வர வேண்டியதில்லை.

கூடைக்கு விலை வைக்கும் கை

காய்கறியின் கதையும் இதேதான். மலைச் சரிவில் அவரையும் தக்காளியும் கத்தரியும் விளைகின்றன. பறித்த காய்க்குப் பொறுமை கிடையாது. மாலையில் பறித்தால் மறுநாள் காலையில் மார்க்கெட்டில் இருக்க வேண்டும். சேலம்–சென்னை நெடுஞ்சாலையில், ஆத்தூருக்கும் சின்னசேலத்துக்கும் இடையே தலைவாசலில் பெரிய தினசரி காய்கறி மார்க்கெட் இருக்கிறது. ஆனால் மலைமேல் இருக்கிற பெண், இரண்டு கூடைக் காயோடு விடியற்காலையில் தலைவாசலுக்குப் போவது எப்படி? போகவர வண்டிச் சத்தமே காயின் விலையை விழுங்கிவிடும்.

ஆகவே ஊருக்கே வண்டி கொண்டுவருகிறவர் சொல்வது விலை. தராசு அவருடையது; படிக்கல் அவருடையது; போன மாதம் கைமாற்றாகக் கொடுத்த பணமும் அவருடையது. இந்த மூன்றையும் வைத்திருப்பவரிடம் பேரம் பேசுவது எப்படி?

பேரம் பேச முடியாதவர் என்ன செய்கிறார்? அழுகாத பயிருக்கு மாறுகிறார். அதனால்தான் சரிவெல்லாம் மரவள்ளியாகிவிட்டது. கிழங்கு பத்து மாதம் மண்ணுக்குள் காத்திருக்கும். பிறகு லாரி ஏறி ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். தோட்டம் சுருங்குகிறது, சாமை சுருங்குகிறது, வீட்டுக் குழம்பில் காய் சுருங்குகிறது. கிழங்கின் விலை சரிந்தால் அந்த ஆண்டு முழுவதும் சரிந்தது. காய்கறி விளைகிற மலையில் இருக்கும் குழந்தை காய்கறி தின்னாமல் வளர்கிறது என்றால், அதைச் “சத்துணவு பற்றிய அறியாமை” என்று சொல்பவர்களை நாம் என்னவென்று சொல்வது?

முட்டைக்கும் ஜாதி உண்டா?

முட்டை விஷயத்தில் ஒரு பாடம் இருக்கிறது. கவனித்துப் பாருங்கள்.

பெரும் பண்ணையாளர்கள் ஒரு காலத்தில் வியாபாரிகளின் பிடியில்தான் இருந்தார்கள். உற்பத்திச் செலவுக்கும் கட்டாத விலையில் முட்டையைக் கொடுத்து நொடித்தார்கள். 1982-ல் அவர்கள் ஒன்றுசேர்ந்து தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை ஏற்படுத்தினார்கள். அன்று முதல் அந்தக் குழு விலையை அறிவிக்கிறது. நாமக்கல் மண்டல முட்டை விலை பத்திரிகைகளில் செய்தியாக வருகிறது. ஒன்றுசேர்ந்தால் விலை சொல்லும் உரிமை உற்பத்தியாளர் கைக்கு வரும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

லட்சம் கோழி வைத்திருப்பவருக்கு அந்த உரிமை நியாயம் என்றால், பதினைந்து கோழி வைத்திருக்கும் தாய்க்கு அது ஏன் நியாயமில்லை? அவருடைய முட்டைக்கு விலை அறிவிக்க எந்தக் குழு இருக்கிறது?

இன்னொரு விந்தையும் உண்டு. தமிழ்நாட்டுச் சத்துணவில் 2010 முதல் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஐந்து முட்டை. மக்களுக்குக் கிடைத்த நல்ல திட்டங்களில் இது ஒன்று. அந்த முட்டை டெண்டர் மூலம் பெரும் வியாபாரத்திலிருந்து வருகிறது. லாரி முட்டையைச் சுமந்துகொண்டு மலை ஏறுகிறது. அதே ரோட்டில், மலைக் கோழி இட்ட முட்டையைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வியாபாரியின் மோட்டார் சைக்கிள் கீழே இறங்குகிறது. இரண்டும் வளைவில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு போகின்றன!

மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் சத்துணவு மையங்களுக்கும் வேண்டிய காய்கறியையும் முட்டையையும், முடிந்த அளவு, அந்தந்த ஊர்ப் பெண்கள் குழுக்களிடமே ஏன் வாங்கக் கூடாது? நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டைக்கு மேல் இடாது என்பது நமக்குத் தெரியும். வாரம் ஐந்து நாளும் முடியாது. வாரத்துக்கு ஒரு நாளேனும் முடியும். நாட்டு முட்டை சிறியது என்று சாக்குச் சொல்வார்கள். சிறியதென்றால் பிள்ளைக்கு இரண்டாகக் கொடுங்கள்! ஊரிலேயே நிச்சயமான ஒரு வாங்குபவர், நிச்சயமான ஒரு விலை — இது கிடைத்தால் வியாபாரியும் அந்த விலைக்கு இறங்கி வந்தே தீருவார்.

சொந்தக் கொட்டகையில் கூலி

“சிறு கோழி எதற்கு? கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக் கறிக்கோழி வளர்க்கலாமே!” என்று ஆசை காட்டுவோரும் உண்டு. பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் வேரூன்றிய ஏற்பாடு இது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். நிலம், கொட்டகை, தண்ணீர், மின்சாரம், இரவும் பகலும் உழைப்பு — இவையெல்லாம் விவசாயியுடையவை. நாற்பது நாற்பத்தைந்து நாளில் கோழியை எடுத்துக்கொண்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கொடுப்பார்கள்.

கடையில் கறி விலை ஏறினால் கூலி அதே வேகத்தில் ஏறுகிறதா? இல்லை. தீவனம் கூடுதலாகச் செலவானது, குஞ்சு செத்தது என்று பிடித்தம் உண்டா? உண்டு. அடுத்த குஞ்சு எப்போது வரும் என்று நிச்சயம் உண்டா? கிடையாது. கொட்டகைக்கு வாங்கிய கடனின் வட்டி மட்டும் ஒரு நாளும் நிற்பதில்லை. 2020 தொடக்கத்தில், கோழிக்கறியால் கொரோனா பரவுகிறது என்று ஒரு பொய்ப் புரளி கிளம்பியதும் கறி விலை தரைக்கு விழுந்தது. அப்படிப்பட்ட நாட்களில் காலிக் கொட்டகையை வைத்துக்கொண்டு கடனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? கூலி உயர்வு கேட்டு இந்த விவசாயிகள் பலமுறை வீதிக்கு வந்திருக்கிறார்கள். தன் நிலத்தில் தானே கூலியாளாகி, முதலாளி என்ற பெயரை மட்டும் சுமக்கிற நிலைமை இது!

ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று 2019-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. கால்நடையும் அதில் அடக்கம். சட்டம் புத்தகத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு வளர்ப்பு ஒப்பந்தமும் தமிழில் எழுதப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, விவசாயியின் கையில் ஒரு பிரதி இருக்கிறதா என்று ஜில்லா நிர்வாகம் பார்க்கட்டும்.

மண்ணே இல்லாமல் மானியமா?

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நிலம்.

250 நாட்டுக்கோழி கொண்ட பண்ணை அமைக்கச் சர்க்கார் பாதிச் செலவை மானியமாகத் தருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தால், கொட்டகை போட 625 சதுர அடி சொந்த இடம் வேண்டும். சிட்டா அடங்கல் நகல் வேண்டும். கீழே குத்தகைக்கு உழுகிறவரிடம் சிட்டா ஏது? மலைமேல் பாட்டன் காலத்திலிருந்து உழுகிறவரிடம் பட்டா ஏது? யாருக்கு மானியம் மிகவும் தேவையோ, அவர் வாசற்படியிலேயே நிறுத்தப்படுகிறார்.

இந்த மலையின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இதன் காரணமும் தெரியும். நாடு சுதந்திரம் அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரை, 1976 வரை, கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. வரி அவர்களுக்கு, கூலியில்லா வேலையும் அவர்களுக்கு. ஜாகிர் போயிற்று, ஆனால் உழுதவர் கைக்குப் பத்திரம் வந்து சேரவில்லை. ஜாகிர்தார் இருந்த இடத்தில் வனத்துறையின் எல்லைக் கல் நின்றது.

2006-ல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி சொன்னது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தில் உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, உழுகிற அளவுக்கு, நான்கு ஹெக்டேர் வரை உரிமை. தமிழ்நாட்டில் 2008-ல் உயர் நீதிமன்றம் விதித்த தடையால் உரிமைப் பத்திரம் வழங்குவது நின்றது. 2016-ல்தான் சுப்ரீம் கோர்ட்டில் வழி திறந்தது. எட்டு ஆண்டுகள் வீணாயின. திறந்த வழியிலும் மனுக்கள் நத்தை வேகத்தில் ஊர்கின்றன. தென்னாற்காட்டிலிருந்து பிரிந்து 1993-ல் விழுப்புரம் ஜில்லா வந்தது. அதிலிருந்து பிரிந்து 2019-ல் கள்ளக்குறிச்சி ஜில்லா வந்தது. கல்வராயன் மலைக்குத் தனித் தாலுகாவும் வந்தது. ஆபீசுகள் அருகே வந்துவிட்டன. பத்திரம் எப்போது வரும்?

வழி அடைத்தால் எந்த வழியில் போவார்கள்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலிக்குப் போனவர்கள். உடனே எல்லோருடைய விரலும் கல்வராயன் மலையை நோக்கி நீண்டது. “சாராய மலை” என்று பேசினார்கள். அந்த விஷம் மலையில் காய்ச்சியது அல்ல, தொழிற்சாலை ரசாயனம். ஆனாலும் மலையில் ஊறல் போடுவது உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. அதை நியாயப்படுத்தவும் இல்லை. ஆனால் ஏன் என்று கேட்டவர் எத்தனை பேர்?

அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ரோடு, பஸ், ஆஸ்பத்திரி, ரேஷன் என்ற சாதாரண வசதிகளைப் பற்றி ஒரு நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது!

2015 ஏப்ரல் 7-ஆம் தேதியை நாம் மறக்கவில்லை. சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசாரின் துப்பாக்கிக்கு இரையான 20 தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்களில் பலர் ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். கல்வராயனுக்குப் பக்கத்து மலைகள் அவை. தன் சரிவில் விளைந்த அவரைக்கு நியாய விலை கிடைத்திருந்தால், எவன் எல்லை தாண்டி மரம் வெட்டப் போவான்? ஊறல் பானையை உடைப்பது போலீசுக்குச் சுலபம். அந்தப் பானை இருந்த இடத்தில் ஒரு ஜீவனத்தை வைப்பதுதான் சர்க்காரின் வேலை.

முடியாதது எதுவும் இல்லை

“இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள்.

2020-ல் மரவள்ளியைத் தாக்கும் ஒரு புதிய மாவுப்பூச்சி கேரளத்தில் காணப்பட்டு, தமிழ்நாட்டுக்கும் பரவியது. பொதுத்துறை விஞ்ஞானிகள் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதன் எதிரியான ஒரு சிறு குளவியைத் தருவித்தார்கள், வளர்த்தார்கள், 2022-ல் இதே மலையடிவாரத்தை அடுத்த ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளிடம் கொடுத்து வயலில் விட்டார்கள். கடல் கடந்து ஒரு குளவியைக் கொண்டுவர முடிந்த சர்க்காருக்கு, கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு தடுப்பு மருந்தைக் கொண்டுசேர்க்க முடியாதா?

மற்றொன்று பக்கத்துக் கேரளம். அங்கே 2020 நவம்பர் 1 முதல் மரவள்ளிக் கிழங்கு உட்பட 16 விளைபொருள்களுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் சேர்த்து, இடதுசாரி அரசு அடிப்படை விலை நிர்ணயித்தது. குடும்பஸ்ரீ பெண்கள் அமைப்பு ‘கேரளா சிக்கன்’ என்ற திட்டத்தில் குஞ்சும் தீவனமும் கொடுத்து, வளர்ந்த கோழியைத் திரும்ப எடுத்து, பெண்களே நடத்தும் கடைகளில் விற்கிறது. அங்கேயும் குறைகள் இருக்கலாம். ஆனால் வளர்க்கிறவரும் விற்கிறவரும் ஒரே அமைப்பில் இருந்தால் தரகருக்கு இடமில்லை என்பது நிரூபணமாகியிருக்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

குஞ்சு கொடுக்கிற ஊருக்கெல்லாம் ஆண்டு முழுவதும் தடுப்பு மருந்து வேண்டும். அதைக் கொடுக்க ஊர்ப் பெண்ணுக்கே பயிற்சியும் சம்பளமும் வேண்டும்.

மலையில் கூட்டுறவுக் கொள்முதல் மையங்களும், காய்கறியோடு பெண்கள் ஏறிப்போக விடியற்காலை பஸ்ஸும் வேண்டும். அங்கே அன்றாட விலை பலகையில் எழுதப்பட வேண்டும்.

மலைப் பள்ளிகளின் சமையலறைக்கு மலையின் காய்கறியும் முட்டையும் வாங்கப்பட வேண்டும்.

வட்டாரந்தோறும் கூட்டுறவுத் தீவன அரவை ஆலை வேண்டும்.

பட்டா இல்லாதவரும் குத்தகைக்காரரும் கிராமசபையின் சான்றின் பேரில் மானியம் பெற வழி வேண்டும். வன உரிமை மனுக்களைக் கெடு வைத்து முடிக்க வேண்டும். பத்திரத்தில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் வானத்து நட்சத்திரம் அல்ல. ஆனால் கேட்காமல் எதுவும் வராது. தனித்தனியாகக் கேட்டாலும் வராது. இன்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று வியாபாரி ஒவ்வொருவரிடமும் தனித்தனி விலை பேசுகிறார். ஊரார் ஒன்றுகூடி, ஒரே தராசு வைத்து, ஒரே விலை சொன்னால் அவர் என்ன செய்வார்? அந்த முதல் தராசை வாங்க அதிகப் பணம் வேண்டாம். பத்துப் பெண்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் போதும்.

நாம் விடைபெற்றபோது அந்தத் தாய் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று குறைந்தது. பருந்து கொண்டுபோயிருக்கும் என்றார். பருந்து ஒன்றைத்தான் கொண்டுபோகிறது. மற்ற பதினான்கின் விலையையும் கொண்டுபோகிறவர்களைப் பற்றித்தான் இனி நாம் ஊர்தோறும் பேச வேண்டும்.